பீடோர் பி

ஈப்போ வட்டாரத்தில் தமிழர் சங்கம் எதுவானாலும் அதில் அசைக்கமுடியாத ஒருவர் இருப்பார். தலைவர் மாறுவார், பொருளாளர் கோபித்துக்கொண்டு போவார், செயலாளர் மட்டும் நிலைப்பார். கித்தாத் தோட்டம் துண்டுபட்டு, லயம் இடிந்து, அந்த மண்ணில் செம்பனையும் தாமானும் வந்துவிட்டாலும் பெரட்டுக்கு நிற்பவரைப்போல விடியற்காலையிலேயே எழுந்துவிடுகிறவர் அவர். எங்கள் செயலாளரின் அப்பா தோட்டத்தில் கிராணி. ஸ்டோர் சாவிக்கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லையாம். மகனுக்கும் அதே குணம். புந்தோங்கில் கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் சீனி டப்பாவுக்கும் பூட்டு உண்டு.

அப்படிப்பட்டவரிடம் விண்டோஸுக்கும் ஒரு சாவி இருக்கிறது, இருபத்தைந்து எழுத்து என்று சொன்னால் விடுவாரா? எங்களைப் போன்ற இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு டெக்சூப் என்ற அமைப்பின் வழியாகச் சிறு கட்டணத்தில் உரிமம் கிடைத்தது. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சான்றிதழைக் காட்டினோம். கணினியில் ஏற்கெனவே ஒரு விண்டோஸ் உரிமம் இருந்தால்தான் இது செல்லும் என்றார்கள். செயலாளர் உடனே புரிந்துகொண்டார்: “கூரை மாத்தக் காசு குடுப்பாங்க தம்பி, வீடு கட்டக் குடுக்கமாட்டாங்க.”

போன மழைக்காலத்தில் ஹார்ட்டிஸ்க் செத்தது. புதிதாக ஒன்றைப் போட்டு விண்டோஸை ஏற்றினால், ‘ஆக்டிவேட் செய்க’ என்று திரையின் வலது மூலையில் சாம்பல் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. தெரிந்த பையன் ஒருவன் கிராக் போட்டுத் தருவதாகச் சொன்னான். இருபது வெள்ளிதான்.

“அடுத்தவன் நெரையில பால் எடுக்கச் சொல்றியா?” என்றார் செயலாளர். பையன் கோப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

சரி, சாவி எங்கே? கூட்டக் குறிப்பேட்டில். பீரோவுக்குள், பெட்டிக்குள், மஞ்சள் துணிக்குள். குறிப்பேடு முழுவதும் தமிழில்தான் எழுதவேண்டும் என்பது எங்கள் சங்கத் தீர்மானம். சாவியைக் குறித்துவைத்தவர் தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்து மதித்திருந்தார்: ‘கே, டி, பி, ஜி, 7...’

அதில் பி இரண்டு, டி மூன்று. எந்தப் பி? எந்த டி? தமிழுக்கு ஒரு பி போதும்; மைக்ரோசாஃப்டுக்கு இரண்டு வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டேன். ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு, ஆகமொத்தம் 32 விதம்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால் நிறுக்கும் கிராணியாகவே மாறிவிட்டார். குழப்பம் வராமலிருக்க ஊர்ப்பெயர் வைத்தார். “பீடோர் பி போடுங்க. அடுத்தது தாப்பா டி. ஆவலியா? பாரிட் புந்தார் பி, டிண்டிங்ஸ் டி.” ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கோடு. பதினொன்றாவது கோட்டில் பசியாறப் போனோம். தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்:

“ஏன் தம்பி, இதுல சுங்கை சிப்புட்டே வரல?”

எஸ் வராது ஐயா, பார்க்க ஐந்து மாதிரி இருக்கும், ஐயும் வராது, ஒன்று மாதிரி இருக்கும், உயிரெழுத்து எதையுமே சேர்க்கமாட்டார்கள் என்று விளக்கினேன்.

“துன் சம்பந்தன் தொகுதிய்யா அது! ஈப்போவும் கெடையாதா?”

“கிடையாது ஐயா.”

அதன்பிறகு தோசை இறங்கவில்லை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் வேண்டுமென்றே பேராக் மாநில வரைபடத்தில் ஓட்டை போட்டுவிட்டார் என்றே அவர் நம்பினார்.

இருபத்து மூன்றாவது கோட்டுக்குப் பிறகு சாம்பல் எழுத்து மறைந்தது. நான் கைதட்டினேன். அவர் திரையை நம்பாமல், மூலையை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, சரியான சாவியைப் புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தமிழில்தான். தீர்மானம் தீர்மானமே. ‘பி’ என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘பீடோர்’ என்று சேர்த்து, சுருக்கொப்பம் வைத்தார்.