ஐந்தாம் மாடிக்கு வியர்க்கிறது

கேள்வி: நியூயார்க்கில் பழைய அடுக்குமாடி, ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டர். ஐந்தாம் மாடியில் ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள். இரண்டாம் மாடியில் நாங்கள் கம்பளிக்குள். கொதிகலனின் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கூட்டினால் மேல்மாடிக்காரர்கள் கதவையும் திறந்துவிடுவார்கள்! சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்குக் குறைவான அழுத்தமே தாராளம்.

நீராவிக்கு வழிமறிப்பது காற்றுதான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் இறங்கினால்தானே ஏற முடியும்? ரேடியேட்டரின் பக்கவாட்டில் உள்ள குட்டி வால்வு வழியாகக் காற்று வெளியேறினால்தான் நீராவி உள்ளே வரும். வருஷா வருஷம் பெயின்ட் பூசியே அதன் மூக்கை அடைத்திருப்பார்கள்; மாற்றச் சொல்லுங்கள். அடித்தளத்தில் பிரதானக் குழாயின் கடைசியில் இருக்கும் பெரிய காற்று வால்வையும் அவசியம் சோதிக்கட்டும். அதன் பிறகு உங்களுக்கு வேகமான வால்வு, ஐந்தாம் மாடிக்கு மெதுவானது.

நீராவி வரும் கைப்பிடியை மட்டும் யாரும் பாதி மூட வேண்டாம். நீராவி குளிர்ந்து கொதிகலனுக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் அங்கே சிக்கி, நடுராத்திரியில் சம்மட்டி அடிக்கும்.

கட்டட உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது அந்நகரச் சட்டம்.