மேய்ப்பர்கள் கவலைப்படுகிறார்கள்

ஜூலை மாதம் வந்துவிட்டால் இந்தியாவின் தொழில்நுட்பக் கொள்கை எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பிரவுசிங் சென்டரில்தான் வகுக்கப்படுகிறது. டெல்லியில் இதற்கென்றே பெரிய கட்டடம் இருக்கிறது. ஆனால் அங்கே ஜெராக்ஸ் எடுத்துத் தர மாட்டார்கள்.

அந்த சென்டருக்கு வீட்டு வரி கட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் பொறியியல் கலந்தாய்வுக்கு சாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளி மாணவி, 200-க்கு 171 கட் ஆஃப். அவளுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். கொத்தனார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கல்யாணம் காட்சிக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

“சி.எஸ்.சி. எல்லாத்தையும் மேல ஏத்திட்டேன் பாப்பா. கீழ ஐ.டி., அதுக்கும் கீழ ஏ.ஐ.டி.எஸ். போதும்ல?” என்றார் சென்டர்காரர்.

“அண்ணா, சிவில் ஒண்ணு ரெண்டு போடலாமா?”

கல்யாண வீட்டில் கருமாதிச் சாமான் விலை விசாரித்தது மாதிரி சென்டரே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவளுக்குக் கிடைத்த பதில் இருக்கட்டும். அதற்கு முந்தின வாரம் ஒரு கல்வித் தந்தையின் பேச்சைக் கேட்டிருந்தேன். (கல்வித் தந்தை ஆவதற்கு முதலில் வேறு ஏதாவது தொழிலில் பணம் சேர்ந்திருக்க வேண்டும். என்ன தொழில் என்று கேட்பது நம் பண்பாடு கிடையாது.) அவர் கண் கலங்காத குறையாகப் பேசினார். இன்றைய மாணவர்கள் ஆட்டுமந்தை ஆகிவிட்டார்களாம். ஒன்று போன வழியில் அத்தனையும் போகிறதாம். எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் பாலம் யார் கட்டுவது, மோட்டார் யார் செய்வது என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. தட்டி முடித்ததும் எல்லாரும் எழுந்துபோய், அவர் புதிய செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ரிப்பன் வெட்டுவதைப் பார்த்தோம். போன வருடம் வரை அந்தக் கூடம் மெஷின் ஷாப். லேத்துகள் எங்கே என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

ஆடுகளைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். மேய்ப்பர்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

மெக்கானிக்கல் நடத்த லேத் வேண்டும், மில்லிங் மெஷின் வேண்டும், ஃபவுண்டரி வேண்டும், தெர்மல் லேப் வேண்டும். சிவிலுக்கு நிலம் அளக்கிற டோட்டல் ஸ்டேஷனும் கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கிற இயந்திரமும் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அறுபது கம்ப்யூட்டர், ரெண்டு ஏ.சி. முடிந்தது. அதே அறுபது கம்ப்யூட்டரில் காலையில் சி.எஸ்.சி., மதியம் ஐ.டி., சாயங்காலம் சைபர் செக்யூரிட்டி. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம். மாவு புளித்தால் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று இன்னொரு பெயர். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பையும் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டு முதல் நல்ல நிலையில் நடக்கும் கல்லூரிகளுக்கு நீக்கிவிட்டது. வசதியும் ஆசிரியர்களும் இருந்தால் எத்தனை இடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு என்ன பஞ்சம்? அதே 2024-ல்தான் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அந்த ரகசியத்தை வெளியே போட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் பட்டியலில் 300-க்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருந்தார்கள். ஒருவர் 11 கல்லூரிகளில் இருந்தார். முருகனுக்குக்கூட ஆறு படை வீடுதான். ஆய்வுக்கு வருகிற குழு ஒரு கல்லூரியில் கும்பிட்ட அதே முகத்தை அடுத்த கல்லூரியிலும் கும்பிட்டுவிட்டு, இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மந்தை யார் என்று இப்போது சொல்லுங்கள்.

இதே கல்வித் தந்தைகள் 2010-களின் நடுவில் என்ன செய்தார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு மெக்கானிக்கல்தான் ராஜா. கலந்தாய்வில் அதிகம் பேர் எடுத்தது அதைத்தான். செக்‌ஷன் மேல் செக்‌ஷனாகத் திறந்தார்கள். கார் கம்பெனிகள் சென்னையைச் சுற்றி வந்துகொண்டே இருக்கின்றன, ஆள் போதவில்லை என்றார்கள். பிள்ளைகள் நம்பிப் படித்தார்கள். படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போய் நின்றார்கள்.

அங்கே அவர்களுக்காக நீம் என்று ஒரு திட்டம் காத்திருந்தது. பெயரிலேயே வேப்பங்கசப்பு. 2013-ல் கொண்டுவந்தது தொழிலாளர் துறை அல்ல, பொறியியல் கல்விக்குக் காவலாக இருக்க வேண்டிய அதே ஏ.ஐ.சி.டி.இ. மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை ‘பயிற்சி’. மெஷினில் நிற்க வேண்டும், ஷிஃப்ட் பார்க்க வேண்டும், ஆனால் நீ தொழிலாளி கிடையாது, பயிற்சியாளர். அதனால் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, முடிந்தபின் வேலை தருவோம் என்ற வாக்குறுதியும் கிடையாது. உதவித்தொகை எவ்வளவு? தொழில் தெரியாத கூலியாளுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. நாலு வருடம் தெர்மோடைனமிக்ஸ் படித்தவனைத் ‘தொழில் தெரியாதவன்’ கணக்கில் எழுதியவர்கள், அவன் தம்பி ஏன் மெக்கானிக்கல் எடுக்கவில்லை என்று இன்று மாநாடு கூட்டுகிறார்கள். திட்டம் பிறகு கைவிடப்பட்டது. பழக்கம் கைவிடப்படவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

நானும் மெக்கானிக்கல்தான். எங்கள் வகுப்பில் மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தி மெஷின் டிராயிங்கில் எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுவாள். இறுதியாண்டில் ஒரு கோர் கம்பெனி வளாகத் தேர்வுக்கு வந்தது. நோட்டீஸ் போர்டில் முதல் வரியே, ஆண்கள் மட்டும். நாங்கள் பதினைந்து பேர் அவளிடம் சந்தேகம் கேட்டுவிட்டு உள்ளே போய் தேர்வு எழுதினோம். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. அந்த வயசு அப்படி. அடுத்த மாதம் ஒரு மென்பொருள் கம்பெனி வந்தது. எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. லாரியில் நெல் மூட்டை ஏற்றுவது மாதிரி எங்களை ஏற்றிக்கொண்டு போய் மூன்று மாதம் ஜாவா கற்றுக்கொடுத்தது. அவள் இன்றைக்கும் அதே துறையில் இருக்கிறாள். நாடு ஒரு நல்ல டிசைன் இன்ஜினியரை இழந்தது. நாட்டுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படாது.

சரி, சிவில். 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் அளக்க ஆள் வேண்டும் என்று சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. அதுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அந்தக் கல்லூரியைச் சுமக்கும் அண்ணா பல்கலைக்கழகமே 2023 மே மாதத்தில் சில உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவிலையும் மெக்கானிக்கலையும் நிறுத்துவதாக அறிவித்து, சத்தம் கிளம்பியதும் பின்வாங்கியது. தமிழில் பாலம் கட்டப் படிக்கலாம் என்று 2010-ல் மேளம் அடித்துத் தொடங்கியது. மேளம் அடித்தவர்கள் தமிழில் படித்தவனுக்குக் கையோடு ஒரு வேலை வைத்திருந்தார்களா என்று கேட்கக் கூடாது.

நம் அணைகளையும் பாலங்களையும்தான் பார்க்கிறோமே. விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூர் தடுப்பணை. ஏறக்குறைய 25 கோடி ரூபாய். 2020-ல் திறந்தார்கள், 2021 ஜனவரியில் உடைந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு மேம்பாலம். ஏறக்குறைய 16 கோடி. தென்பெண்ணையின் மேல் கட்டித் திறந்து மூன்று மாதம், 2024 டிசம்பர் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. முன்னது ஒரு கட்சி ஆட்சி, பின்னது இன்னொரு கட்சி ஆட்சி, தண்ணீர் மட்டும் நடுநிலை. எதிர்பார்த்ததைவிட அதிகத் தண்ணீர் வந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலம் என்ன செய்யும் பாவம்! எஸ்டிமேட்டில் எழுதுவது ஒன்று, எம்-புக் என்கிற அளவுப் பதிவேட்டில் ஏறுவது ஒன்று, ஆற்றில் நிற்பது வேறொன்று. இந்த மூன்றுக்கும் நடுவில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் ஒரு இன்ஜினியர் தேவை. அவருக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, ‘கணக்கு’த் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் அதன் பெயர் மந்தையாம். மும்பை ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸின் பொதுப்பிரிவு இடங்கள் அகில இந்திய அளவில் முதல் எழுபது ரேங்குக்குள் தீர்ந்துவிடுகின்றன. அந்த எழுபது பேரும் அநேகமாக ஒரே கதவில் முட்டிக்கொண்டு நுழைகிறார்கள். அவர்களை யாரும் ஆடு என்று சொல்வதில்லை. கோச்சிங் சென்டர்கள் அவர்களுக்கு மாலை போட்டு முதல் பக்க விளம்பரம் கொடுக்கின்றன. கோட்டயம் நர்ஸ் மகனும் கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாளி மகளும் அதே கதவைத் தட்டினால்தான் நம் அறிஞர்களுக்கு நாட்டின் எதிர்காலம் நினைவுக்கு வருகிறது.

கதவுக்கு உள்ளே பாலும் தேனும் ஓடவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாதா? தெரியும். பெரிய மென்பொருள் கம்பெனிகளில் புதிதாகச் சேருபவர்களின் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023-ல் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். டி.சி.எஸ். 2025-ல் சுமார் 12,000 பேரை அனுப்பப்போவதாகச் சொன்னது. அப்பாவின் நிலத்தை அடகு வைத்து ஏ.ஐ. படிக்கிறவன், அதே ஏ.ஐ. தன் வேலையைத் தின்னும் என்ற கட்டுரையை ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு படிக்கிறான். படித்துவிட்டும் ஏன் அங்கேயே போகிறான்? டி.சி.எஸ். ஆளை எடுத்தாலும் செய்தி, அனுப்பினாலும் செய்தி. ஒரகடத்து ஒப்பந்தக்காரர் காலையில் கேட்டில் நிறுத்தி “நாளைக்கு வராதே” என்று சொன்னால் அது டீக்கடையோடு முடிந்துவிடும். இரண்டு நிச்சயமின்மைகளில் ஏ.சி. இருக்கிற நிச்சயமின்மையை அவன் தேர்ந்தெடுக்கிறான். இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போடத் தெரிந்தவன் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பிரவுசிங் சென்டருக்கு வருகிறேன். சிவில் என்றதும் சென்டர்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். முடிவு அவர் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அப்பாவைப் பார்த்தார்.

“பாப்பா ஆசைப்படுதே அண்ணே. அரசுப் பள்ளி கோட்டா, 7.5 சதவீதம். ஃபீஸெல்லாம் கவர்மென்ட்டே கட்டிரும். ஒண்ணு போட்டு வைப்போமா?”

கொத்தனார் மகளின் தலைக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எங்க சைட்ல ஒரு இன்ஜினியர் தம்பி இருக்கான் சார். நல்ல பையன். கோடு பிசகாம மார்க் பண்ணுவான். பன்னெண்டாயிரம் சம்பளம், அதுவும் மேஸ்திரி பில் பாஸானாத்தான். எனக்கு நாள் கூலி ஆயிரத்துக்கு மேல. போன தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காசில்லன்னு என்கிட்ட ஆயிரம் ரூபா வாங்கிட்டுப் போனான்.”

“திருப்பிக் குடுத்துட்டானா?” என்றேன், எனக்கு வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

“குடுப்பான் சார். என்கிட்ட இருக்கே, எனக்கென்ன அவசரம்.”

அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தி, பட்டியலைக் கடைசி வரை ஒரு தடவை இறக்கிப் பார்த்தாள். முப்பத்தெட்டு சாய்ஸ்.

“லாக் பண்ணிரவா பாப்பா? ஓ.டி.பி. அப்பா போனுக்குத்தான் வரும்.”

கொத்தனார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். விரலில் சிமென்ட் வெடிப்பு, திரை தொட்டதை ஏற்கவில்லை. வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எண்ணாக, சத்தமாகப் படித்தார்.