ஒரு முழுக்கில் போகாத பாவம்

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை வருவார். தென்பெண்ணையில் ஒரு முழுக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கான பாவம் போய்விடும். சர்வர் டிஸ்குக்கு இந்தச் சலுகை இல்லை.

'டெலிட்' அழுத்தினால் கோப்பு அழியாது. பொருளடக்கத்தில் அதன் பெயரை மட்டும் அடிப்பார்கள். கதவு எண்ணைச் சுரண்டிவிட்டு, வீட்டையே இடித்ததாகக் கணக்கெழுதுகிற வேலை.

அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லி தன் பழைய சர்வர்களை, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. டிஸ்குகள் சில வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்துக்குப் போயின. 2022-இல் அபராதம் 3.5 கோடி டாலர். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கியவர்கள் இதைவிட லாபம் பார்த்தவர்கள்.

சுழலும் ஹார்டு டிஸ்கில் முழுக்கப் பூஜ்யம் எழுதினால் ஒருமுறையே போதும். 35 முறை எழுதுகிறவர் பரிகாரம் செய்கிறார். எஸ்எஸ்டியோ தேய்மானத்தைப் பங்கிட, சொன்ன இடத்தை விட்டு வேறு இடத்தில் எழுதிவிட்டு 'ஆச்சுங்க' என்னும். அதற்கு மருந்து அதனுள்ளேயே இருக்கும் 'செக்யூர் எரேஸ்' கட்டளை. அல்லது முதல் நாளே எல்லாவற்றையும் குறியாக்கத்தால் பூட்டி எழுதிவைத்து, கடைசியில் சாவியை அழிப்பது.

நம் முன்னோர் ஆடிப்பெருக்கில் ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்டார்கள். ஒரே முழுக்கு, எந்த மென்பொருளும் மீட்காது. காக்கவேண்டியதை அழிப்பதில் நாம் என்றுமே கெட்டிக்காரர்கள். அழிக்கவேண்டியதுதான் ஏலத்துக்குப் போகிறது.