ஆழம் தெரியாம கைய வுட்ட தம்பிக்கு

வா தம்பி, குந்து. மணலு ஒண்ணும் கடிக்காது. பேண்டு அழுக்காயிடுமா? அப்ப அந்தக் கட்டுமரத்து மேல குந்து. அது கடலுக்குப் போயி எத்தினியோ வருசம் ஆச்சு. சுனாமிக்கு அப்பால குப்பம் பூரா ஃபைபர் போட்டு வந்துடுச்சு. கட்டுமரம் இப்ப ஈசிஆர்லேர்ந்து வர்றவங்க குந்தி போட்டோ புடிக்கிற பெஞ்சு.

மடியில இன்னா மூட்டை? ஜிப்பு வெச்ச பையில அரைப் படி அரிசி. நடுவுல ஒரு வாட்சு, கழுத்து வரைக்கும் பொதைஞ்சிகினு கீது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் புள்ளைங்க அப்பன மணல்ல பொதைச்சு வெளையாடுமே, அந்த மாதிரி.

எத்தினி நாளா இப்படி? நாலு நாளா? ஈரத்த அரிசி உறிஞ்சிடும்னு செல்போன்ல எவனோ சொன்னானா? ஏந்தம்பி, தண்ணி உள்ள போன சந்து முடி அளவு. உள்ள போவுறப்ப அலை தள்ளி வுட்டுச்சு. வெளிய வர்றதுக்கு யாரு தள்ளுவா? அரிசியா? அது பையில கீற காத்தைத்தான் காய வெக்கும். மூடுன டப்பாவுக்குள்ள மாட்டிக்கினு கீற உப்புத் தண்ணிக்கு வெளிய அரிசி கீதா, தொவரம்பருப்பு கீதான்னு தெரியவா போவுது?

சரி, கதையச் சொல்லு. காணும் பொங்கலுக்கு ஊர்லேர்ந்து சொந்தம் வந்துச்சு. போலீசு வந்தா எறங்க வுடாதுன்னு விடியக்காலயே ஓடியாந்து கடல்ல குதிச்சே. கையில அப்பா வாட்சு. ஏன் கழட்டல? மச்சான் பாக்கணும்னு. அவன் பாத்தானா? பாத்தான். வாட்சு கண்ணாடிக்குள்ள மீன் தொட்டி மாதிரி தண்ணி ஆடுறதப் பாத்தான்.

கம்பெனி பேரு வாணாம். சொன்னா அதுக்கும் நாலு பேரு சண்டைக்கு வருவான். சுவிஸ் நாட்டு வாட்சு, அம்மாந்தான். உங்கப்பா 1994ல துபாய்ல மூணு மாசச் சம்பளத்த ஒண்ணா வெச்சு வாங்கினாரு. அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது. இப்ப உன் கையில.

முதுகுல 30 மீட்டர்னு போட்டுக்கீதுன்னு காட்டுறே. எங்க கணக்குல அது பதினாறு பாகம். பதினாறு பாகம் தண்ணிக்குப் போட்டு எடுத்துகினு போனா, கரையில கீற உன் அபார்ட்மெண்டு தீப்பெட்டியாட்டம் தெரியும். அம்மாம் ஆழம் தாங்கும்னு எழுதினது இடுப்பளவு தண்ணியில ஏன் மண்டையப் போட்டுச்சு? கண்ணு, அது ஆடாம அசையாம கீற தண்ணியில, புது வாட்ச வெச்சு அமுக்கிப் பாத்த கணக்கு. 30 மீட்டர்னா கை கழுவலாம், தூறல்ல நடக்கலாம். நீச்சலுக்கு 100 வோணும். முங்குறவனுக்கு 200. இப்பல்லாம் எவனும் வாட்டர்புரூஃப்னு எழுதறதில்ல, கவனிச்சியா? வாட்டர் ரெசிஸ்டண்ட். தண்ணி வந்தா கொஞ்சம் எதுத்துப் பேசுவேன், அம்மாந்தான்னு சொல்லுது. ஆழம் தெரியாம கால வுடாதேன்னு சொல்லி வெச்சாங்க. கையப் பத்திச் சொல்லலன்னு நீ கைய வுட்டுட்டே.

அதுல தண்ணிய நிறுத்துறது யாருன்னு நெனச்சே? தங்கமா, இரும்பா? மூடிக்கு அடியிலயும் சாவிக்காம்புலயும் கீற ரப்பர் வளையம். கேசு அடுப்பு ட்யூப அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்துன்னு சொன்னா உங்கம்மா மாத்துது. முப்பது வருசத்து ரப்பர நம்பி நீ கடல்ல குதிக்கிறே. ஹீட்டர் தண்ணியில குளிக்கிறப்பவும் கழட்ட மாட்டேன்னு பெருமையா வேற சொல்றே. அந்த ஆவியும் சோப்பும் எத்தினி வருசமா ரப்பரக் கொன்னுகினு இருந்துச்சோ. கடலு கடைசி அடி அடிச்சுது, அம்மாந்தான். பழி மட்டும் கடலுக்கு.

மைலாப்பூர்ல எனக்குத் தெரிஞ்ச வாட்சுக்காரரு ஒருத்தர் ஒரு கதை சொல்வாரு. 1926ல ரோலெக்ஸ்காரன் தண்ணி போவாத வாட்சு ஒண்ணு செஞ்சு, ஆய்ஸ்டர்னு பேரு வெச்சானாம். ஆய்ஸ்டர்னா சிப்பி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. சிப்பி தண்ணிக்குள்ள வாயத் தொறந்துதானே திங்குது? அடுத்த வருசம் மெர்சிடிஸ் கிளைட்ஸ்னு ஒரு இங்கிலீசுக்காரப் பொண்ணு இங்கிலீசுக் கால்வாய நீந்த எறங்கிச்சாம். அந்த வாட்சு கழுத்துல தொங்குது. பத்து மணி நேரத்துக்கு மேல நீந்தி, குளுரு தாங்காம பொண்ணத் தூக்கிட்டாங்க. வாட்சு ஓடிகினு இருந்துச்சாம். ரோலெக்ஸ்காரன் பேப்பர்ல மொதப் பக்கம் பூரா வெளம்பரம் போட்டுட்டான். தண்ணியில வாட்சு கட்டிகினு குதிக்கிற இந்தப் பைத்தியம் அப்பத்தான் புடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஒண்ணு கவனி. அந்த வாட்சு அன்னிக்குப் புதுசு.

இப்ப இன்னா பண்றதுன்னு தெரியாம நாலு பேருகிட்ட கேட்டுகினு திரியறே. ஷோரூம்ல கீறவன் டயலு, முள்ளு, மெஷினுன்னு எல்லாத்தையும் எழுதி, ஒரு பழைய ஸ்கூட்டி வெலைக்கு சீட்டு குடுத்தான். மச்சான், "சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம், அப்படியே வித்துடு"ன்னான். அக்கா, "அப்பா படத்துக்குப் பக்கத்துல வெச்சுடு, தொடாத"ன்னுச்சு. நாலாவது ஆளு செல்போன்ல கீறவன். அவனத்தான் நீ மொதல்ல நம்பினே.

நான் ஒரு போட்டுக்காரன். எனக்கு வாட்சு தெரியாது. உப்புத் தண்ணி இரும்ப இன்னா பண்ணும்னு தெரியும்.

அலைவாய் தாண்டுறப்ப போட்டு கவுந்துச்சுன்னு வெய்யி. கரைக்கு இழுத்தாந்து மொதல்ல ஆள எண்ணுவோம். அப்பால இன்ஜினு. வலை போனா போவுது. இன்ஜின் மேல கொடங்கொடமா நல்ல தண்ணி ஊத்துவோம். உப்பு போவணும். அப்பால அவுத்து, உள்ள கீற தண்ணிய வடிச்சு, டீசல ஊத்திச் சுத்தி, தொடைச்சு, எண்ணெ போடுவோம். எல்லாம் அன்னிக்கே. ஒரு தபா என் மச்சினிச்சி கல்யாணம்னு மூணு நாளு வுட்டுட்டேன். வந்து கயிறச் சுத்தி இழுத்தேன். அசையல. மூடியக் கழட்டினா உள்ள செம்மண்ணு பூசின மாதிரி கீது. சுத்தியால தட்டினேன், சாமிக்கு வேண்டினேன், மாமனாரத் திட்டினேன். கடைசில எடைக்குப் போட்டேன். கல்யாணச் சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு.

உன் வாட்சுல கீறதும் இன்ஜினுதானே? அதுக்குள்ள ஒரு சுருளு கீதாம், தலமயிர விட சன்னம். அது ஆடுற ஆட்டத்துலதான் மணியே ஓடுது. என் பிஸ்டனு மூணு நாளு தாங்கல. மயிரு எத்தினி நாளு தாங்கும்? நீயோ நாலு நாளா சோறாக்குற அரிசியில அதத் தாலாட்டிகினு கீறே. நடுவுல ஓடுதான்னு பாக்க சாவி வேற குடுத்திருப்பியே? தலையக் குனியாத. எல்லாரும் குடுக்கறதுதான். துருவோட பல்லும் பல்லும் அரைபடும், அம்மாந்தான்.

ரிப்பேர் பண்றதா வாணாமான்னு ராத்திரி தூக்கம் வரலன்னு சொல்றே. அது பத்தி நாளைக்கு யோசி, அடுத்த மாசம் யோசி. இன்னிக்கு மூடியத் தொறந்து உப்பக் கழுவுற வேலை. தொறக்கறது வேற, புதுசாக்கறது வேற. ஷோரூம்காரன் ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதிட்டான். நீ மொத்தத்தப் பாத்து பயந்துகினு ரெண்டையுமே பண்ணாம வந்துட்டே. அக்கா சொன்ன மாதிரி படத்துக்குப் பக்கத்துல வெக்கறதுன்னாலும் கழுவிட்டு வெய்யி. உள்ள உப்பு கீற வரைக்கும் சாமி ரூம்லயும் துரு புடிக்கும். கற்பூரம் காட்டினா நிக்காது.

சிரிக்காத, என்கிட்டயும் ஒரு வாட்சு கீது. எச்எம்டி. 1978ல கல்யாணத்துக்கு மாமனாரு போட்டது. கெவுருமெண்டு 1961ல ஜப்பான் சிட்டிசன்காரங்கூட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்ச பேக்டரிச் சரக்கு. அப்பல்லாம் மாப்பிள்ளைக்கு எச்எம்டி போட்டாங்கன்னா குப்பத்துல ஒரு வாரத்துக்கு அதான் பேச்சு. நான் எந்நேரமும் சட்டக் கைய மடிச்சே வுட்டுகினு திரிஞ்சேன். உனக்கு மச்சான் பாக்கணும். எனக்கு ஊரே பாக்கணும். ஆனா கடலுக்குக் கட்டிகினு போவல, அம்மாம் புத்தி இருந்துச்சு. அங்க மணிக்கு விடிவெள்ளி கீது, ஆறாமீன் கீது.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கெழம. தண்ணி வந்து வூட்டு சாமானோட சேத்து வாட்சு வெச்ச தகர டப்பாவையும் எடுத்துகினு போச்சு. ரெண்டு நாளு கழிச்சு சவுக்கு மரத்தாண்ட கெடைச்சுது. பேப்பர்கார தம்பி ஒருத்தன் ஓடியாந்தான். "தாத்தா, எத்தினி மணிக்கு நின்னுச்சு?" காட்டினேன். நாலு பத்து. தண்ணி வந்ததோ காலைல ஒம்போது மணி வாக்குல. பையன் தெகைச்சிட்டான். அது நாலஞ்சு மாசம் முன்னாடியே சாவி குடுக்காம நின்னு போன வாட்சுன்னு சொன்னேன். பாவம், மொகம் தொங்கிப்போச்சு. பேனாவ மூடிட்டான்.

அதத்தான் அந்த மைலாப்பூர்காரருகிட்ட எடுத்துகினு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள குந்திகினு, ஒத்தக் கண்ணுல பூதக்கண்ணாடி மாட்டிகினு தொறந்தாரு. மூக்குல வெச்சு மோந்து பாத்தாரு. "கடலு"ன்னாரு. ஒண்ணொண்ணா கழட்டி, கழுவி, ஓவராயிலிங் பண்ணி, ரெண்டு சாமான் மட்டும் பழைய வாட்சுலேர்ந்து எடுத்துப் போட்டாரு. டயல்ல ஆறு நம்பராண்ட டீ சிந்தின மாதிரி ஒரு கறை. புது டயலு போடட்டான்னாரு. வூட்டுக்காரி பக்கத்துல நின்னுகினு, "வாணாம், அது அவரு மூஞ்சி மாதிரியே கீது"ன்னுச்சு. கறை இன்னும் கீது. நாளைக்கு அஞ்சு நிமிசம் மெதுவா ஓடுது. நானுந்தான். அந்தக் கம்பெனியவே 2016ல மூடிட சொல்லி டில்லியில முடிவெடுத்துட்டாங்க. மூடினப்புறம் இப்ப பசங்க தேடித் தேடி வாங்குதாம். இருக்கறப்ப எவன் சீண்டினான்?

2015 வெள்ளத்துல அடையாறு பொங்கி வூடு வூடா பூந்தப்ப, அவருகிட்ட வாட்சுங்க பை பையா வந்துச்சாம். சேத்துத் தண்ணியாவது பரவால்ல, ஒடனே எடுத்தாந்ததப் பாதிக்கு மேல காப்பாத்திட்டேன்னாரு. உன்னுது கடல் தண்ணி. அதுக்கு அவசரம் ஜாஸ்தி.

இப்ப அந்த வாட்சக் குடு, பாக்கறேன். ஓரத்துல ஒரு வெட்டு கீதே, இது இன்னா? கிரகப்பிரவேசத்தன்னிக்கு நெலவாசல்ல பால் குண்டானத் தூக்கிகினு வர்றப்ப நாதாங்கியில இடிச்சதா? உங்கப்பா அதச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரா? பட்டையில தேஞ்சு போன ஓட்டை ரெண்டு கீது. ஒண்ணு ஒல்லியா துபாய் போனப்ப. இன்னொண்ணு தொப்பையோட திரும்பி வந்தப்ப. அப்படித்தானே?

ஷோரூம்ல குடுத்தீன்னா இன்னா பண்ணுவான் தெரியுமா? சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமா இருக்கும். சாமானும் அவங்கிட்டத்தான் கெடைக்கும். ஆனா பாலீசு போட்டு அந்த நாதாங்கி வெட்ட எடுத்துடுவான். கறை புடிச்ச டயலக் கழட்டி புதுசு மாட்டிடுவான். பல கம்பெனியில பழச திருப்பியும் குடுக்க மாட்டான். நீ துட்டு கட்டி பளபளன்னு வாங்கிகினு வருவே. அதுல உங்கப்பா எங்க கீறாரு? நாலாயிரம் பேரு கட்டிக்கினு கீற வாட்சு மாதிரி ஒண்ணு உன் கையில கீது. அதுக்கு ஏன் அழுவுறே, கடையிலயே புதுசா வாங்கிட்டிருக்கலாமே?

அதனால சீட்டுல எழுதி வாங்கு. பாலீசு வாணாம். டயலு மாத்த வாணாம். ஓட வெக்க எது மாத்தித்தான் ஆவணுமோ அத மட்டும் மாத்து, பழைய சாமான ஒரு பொட்டலத்துல கட்டிக் குடு. ரப்பர் வளையம் எல்லாம் புதுசு போடு, போட்டப்புறம் தண்ணி டெஸ்ட்டு வெய்யி. இதுக்கு கம்பெனிக்காரன் ஒத்துக்கலன்னா அவனத் திட்டாத, அவன் சட்டம் அவனுக்கு. மைலாப்பூர்காரரு மாதிரி கை வேலைக்காரன் யாருகிட்டயாவது போ. அந்த சன்னச் சுருளே போயிடுச்சுன்னு அவரு கைய விரிச்சா? சரின்னு வாங்கிகினு வா. உப்பு போனது, வெட்டு இருக்கறது, போதும். ஓடாத வாட்சும் ஒரு நாளைக்கு ரெண்டு தபா சரியான மணி காட்டுதுன்னு சொல்லிகினு கட்டிக்க. எப்படியும் மணி பாக்கப் போறதில்ல நீ. இங்க வந்ததுலேர்ந்து மூணு தபா மணி பாத்தே, மூணு தபாவும் செல்போன எடுத்துதான். அந்தக் கையில கட்டிக்கினு கீற ரப்பரு வாட்சு வேற சுர்ருங்குது. இன்னா சொல்லுது? மூச்சு வுடச் சொல்லுதா? அது சொல்லலன்னா வுட மாட்டியா?

மச்சான் சொன்ன சுண்டக்கா கணக்கு தப்பில்ல. விக்கறவனுக்கு அது கரெக்டு. நீ விக்கப் போறியா? இல்லல்ல. அப்ப அந்தக் கணக்கு உனக்கு எதுக்கு?

மைலாப்பூர் போற பஸ்ஸு திருவான்மியூர் டெப்போல கெடைக்கும். கடைய பத்தரைக்குத் தொறப்பாரு. நாளைக்கு வெள்ளிக்கெழம, பூஜ போட்டுட்டு பதினொண்ணு ஆயிடும். சாவிய தொடாத, ஆட்டாத, துணியில சுத்தி எடுத்துகினு போ. அரிசிய இங்க வெச்சிட்டுப் போ, என் கோழிங்க திங்கும்.