கருப்புக் கோட்டில் கட்டம்

தொண்ணூறுகளில் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கல்யாண வீடியோ எடுத்தவர்களுக்கு இருட்டைப் பற்றி ஒரே கொள்கைதான்: ஆயிரம் வாட்டைப் போடு. விஎச்எஸ் கேமராவைத் தோளில் வைத்திருப்பவர் கலைஞர். ஹாலஜன் லைட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கும் பையன் கூலி. நான் இரண்டாவது ரகம். ஒயரை இழுத்துக்கொண்டு முன்னால் போவேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பிரியாணியில் வைத்த கையை எடுக்காமலே கண்ணை இடுக்குவார்கள். மேடையில் மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றும். துடைப்பதற்கென்றே ஒரு மச்சான் கைக்குட்டையோடு நிற்பான். கிழவிகள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "டேய் லைட்டு, அந்தப் பக்கம் போடா" என்று விரட்டுவார்கள். பாய் வீட்டு நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கம் கேமராவே போகாது. பாதி மண்டபம் எங்களுக்கு இருட்டுதான், ஆனால் அது வேறு இருட்டு.

லைட் எட்டாத இடத்தில் படத்தில் புள்ளி பறக்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் கேமரா தானாகவே கெயினை ஏற்றிக்கொள்ளும்; வந்த சொற்ப சிக்னலோடு, கேமராவுக்குள் பிறந்த குப்பையும் சேர்ந்து பெருக்கெடுக்கும். ஊர்வலத்தில் ஜெனரேட்டர் வண்டி பின்தங்கிவிட்டால் மாப்பிள்ளை கார் புள்ளிகளுக்கு நடுவே எங்கோ ஊர்ந்துகொண்டிருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. இருட்டில் எடுத்தால் கிரெயின்ஸ் அடிக்கும் என்று ஊரே ஒத்துக்கொண்டிருந்தது.

பிறகு சிடி வந்து கெடுத்தது. 1993இல் வகுக்கப்பட்ட வீடியோ சிடியில் படம் 352க்கு 288 பிக்சல். படத்துக்கு நொடிக்குச் சுமார் 1,150 கிலோபிட். ஒரு தட்டில் 74 நிமிடம். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு மூன்று தட்டு. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எம்பெக்காக மாற்ற விட்டுவிட்டுத் தூங்கப் போவோம். நடுவில் கரண்ட் போனால் காலையில் முதலிலிருந்து. அப்படிப் பாடுபட்டுக் கொடுத்த தட்டோடு ஒரு பாய் திரும்பி வந்தார். டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷன் பார்க்கிறவர். கருப்பில் எது பழுப்பு ஓடிய கருப்பு, எது நீலம் ஓடிய கருப்பு என்று ஜன்னல் வெளிச்சத்தில் தோலைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"தம்பி, ப்ளெயின் கருப்புத் துணி எடுத்துத் தச்ச கோட்டு இது. உன் சிடியில கட்டம் போட்ட துணியா இருக்கே?"

இருந்தது. கோட்டில் மட்டுமல்ல, மேடைக்குப் பின்னால் இருந்த இருட்டிலும் கட்டம் கட்டமாக நகர்ந்தது.

எம்பெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக நறுக்குகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் கோசைன் அலைகளின் கலவையாக எழுதிக்கொண்டு, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று தான் நினைக்கிற நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுகிறது. கருப்புக் கோட்டில் மடிப்புக்கும் நிழலுக்கும் வித்தியாசமே இரண்டு மூன்று படிதான். வகுத்து முழு எண்ணாக்கும்போது அது பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது கட்டத்துக்கு ஒரு சராசரிக் கருப்பு. பக்கத்துக் கட்டத்துக்கு வேறொரு சராசரி. இரண்டும் முட்டுகிற இடத்தில் கோடு. இதில் புள்ளியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எது துணியின் நெய்தல், எது குப்பை என்று எம்பெக்குக்குத் தெரியாது. புள்ளி ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறுவதால், முந்தைய பிரேமைப் பார்த்து எழுதி மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. கையிருப்பு பிட்டெல்லாம் புள்ளிக்கே செலவாகி, கோட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கோசைன் கணக்கைக் கொடுத்தவர் பெங்களூரில் 1940இல் பிறந்த நாசிர் அகமது. 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வுக்குப் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்பதுபோல ஒரு மதிப்பீட்டாளர் எழுதியதாக அவரே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு ஜேபெக், எம்பெக் எல்லாம் அதன்மேல்தான் எழுந்தன. பாயிடம் இதைச் சொன்னேன். "பெங்களூர்க்காரரா? நம்ம ஹைவேயிலதானே இருக்கு. கருப்பைக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்" என்றார். பாவம், குற்றம் கோசைனில் இல்லை, அதன்மேல் உட்கார்ந்து சிக்கனம் பிடித்தவர்களிடம்.

இன்று ஹாலஜனும் இல்லை, லைட்டைத் தூக்கும் பையனும் இல்லை. 2014இல் வந்த சோனி ஏ7எஸ் கேமரா ஐஎஸ்ஓ 4,09,600 வரை போகும் என்றார்கள். இருட்டு தோற்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் இருட்டு ஃபேஷனாகிவிட்டது. ரிசப்ஷனில் மேடையைத் தவிர எல்லா விளக்கையும் அணைக்கிறார்கள், பின்னால் குட்டி குட்டி பல்பு, புகை. சினிமாட்டிக்காம். அன்றைக்கு வெளிச்சத்துக்குக் காசு வாங்கினோம், இன்றைக்கு இருட்டுக்கு அதைவிட அதிகம் வாங்குகிறோம்.

எடிட்டிங் இப்போது அண்ணன் மகன் கையில். நானூறு சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாடிக்குப் பக்கத்து நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பான். முன்பின் பிரேம்களை ஒப்பிட்டு, அசையாத இடத்தில் சராசரி எடுக்கிறது மென்பொருள். சுவர் நிற்கும், புள்ளி அடித்துக்கொண்டு போகும். கொஞ்சம் தூக்கலாக வைத்தால் தாடி மொத்தையாகிவிடும். எல்லாம் முடிந்து திரை கண்ணாடியாக இருக்கும்போது, மறுபடி மெல்லிய கிரெயினை அள்ளித் தூவினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சித்தப்பா, சுத்தமா விட்டாத்தான் ஆபத்து. எட்டு பிட்டுல கருப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் 220 படிதான். இருட்டுச் சுவருக்கு அதுல நாலஞ்சு படி வந்தாலே பெரிசு. வளையம் வளையமாத் தெரியும், யூடியூப் அதைக் கட்டமாக்கிடும். கிரெயின் இருந்தா கண்ணை ஏமாத்திடும்."

இதைக் கேட்டு அசராத ஒரே ஆள் பாய்தான். ஓய்வு பெற்றுவிட்டார், கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. "நாங்க செய்யாததா? முள்கம்பி கிழிச்சது, உண்ணி கடிச்சது எல்லாம் தோல்ல தழும்பா இருக்கும். பஃபிங் மெஷின்ல மேல்தோலைத் தேய்ச்சு எடுத்துட்டு, பெயின்ட் அடிச்சு, சூடா பிளேட் வெச்சு அழுத்தி, இல்லாத கிரெயினை வர வெப்போம். ஷூ போடறவனுக்குத் தெரியவா போகுது?" 2018இல் வந்த ஏவி1 என்ற வீடியோ சுருக்கமுறையும் இதையேதான் செய்கிறது: படத்தின் கிரெயினை முதலில் நீக்கி, அதன் குணத்தை நாலு எண்ணாகக் குறித்து அனுப்பி, பார்ப்பவரின் பெட்டியில் புதிதாகச் செய்து தூவுகிறது. டேனரிக்காரர்கள் அதற்கு வெகு முன்னாலேயே முடித்துவிட்ட வேலை.

வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில் ஏக்யூ மோட் 3 என்று ஒன்று உண்டு. இருண்ட பகுதிகளுக்குக் கூடுதலாக பிட் கொடுக்கும். இட ஒதுக்கீடு, நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. அப்படியும் பெரிய கைகளே மாட்டிக்கொள்கின்றன. 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் ஒளிபரப்பானது. 55 இரவுகள் எடுத்த படம். ஒன்றுமே தெரியவில்லை என்று உலகமே கத்தியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், தான் எடுத்ததில் குறையில்லை, பார்ப்பவர்களின் டிவியையும் ஒளிபரப்பில் படத்தை நசுக்குவதையும் கேளுங்கள் என்றார். இதையேதான் பாயிடம் நானும் சொன்னேன். அன்று எடுபடவில்லை.

இப்போது பில்லில் ‘டீநாய்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழேயே ‘ஃபிலிம் கிரெயின்’ என்று இன்னொரு வரி. தனித்தனிக் காசு. போன மாதம் பெண்ணின் தாய்மாமன் வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார். அது நசுக்கிவிடும், முதலில் போவது அந்தக் கிரெயின்தான், டாக்குமென்ட்டாக அனுப்புகிறேன் என்று பையன் மன்றாடினான்.

"அதெல்லாம் டவுன்லோடு ஆக நேரமாகும் தம்பி. ஸ்டேட்டஸ்ல வைக்கணும், சும்மா அனுப்பு."

அனுப்பினான். இரண்டு வரிக்கும் காசு வந்துவிட்டது.