மலை மேலே கறுத்திருக்கு

1984 ஆடி மாதம். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குத் தென்காசியிலிருந்து ஒரு 15 பைசா கார்டு வந்தது. மாமா எழுதியிருந்தார். நலம் விசாரிப்பு இரண்டு வரி. மூன்றாவது வரியில்தான் விஷயம் இருந்தது. "சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறது. சத்திரத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வரவும்."

எங்கள் வீட்டில் பயணத் திட்டம் என்று நடந்தது அவ்வளவுதான். அப்பா மூன்று நாள் லீவு எழுதிக்கொடுத்தார். அம்மா பம்ப் ஸ்டவ், அரிசி, புளிக்காய்ச்சல், இரண்டு ஜமக்காளம், ஒரு தூக்குவாளி என்று மூட்டை கட்டினாள். சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி பஸ். வழி நெடுகக் கரிசல் காட்டு வெயில். தென்காசி நெருங்கும்போது ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும் அம்மா, "வந்துட்டோம்டே" என்றாள். எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரே காய்ந்து கிடக்கும் ஆடியில் இந்த ஓர் இடத்தில் மட்டும் எப்படிச் சாரல் விழுகிறது என்று மாமாவிடம் கேட்டேன். அவர் மேற்கே கையைக் காட்டி, "அங்க ஆரியங்காவுல மலை கொஞ்சம் வழி விட்டிருக்கு. கேரளத்து மழை அந்த வாசல் வழியா எட்டிப் பார்க்கும்" என்றார். பிறகு படித்த பூகோளப் பாடம் எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

குற்றாலத்துச் சத்திரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கூடத்தின் நான்கில் ஒரு பங்கு. நடுவில் சேலையைக் கட்டித் தடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் விருதுநகர்க் குடும்பம், எதிர்ப்பக்கம் இராஜபாளையத்தார். பின்கட்டில் நான்கு ஸ்டவ்வும் ஒரே நேரத்தில் எரியும். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொள்ள வேண்டும். குளிக்க யாரும் கிணற்றடிக்குப் போகவில்லை. அதற்குத்தான் பேரருவி இருந்ததே. சீசனுக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் ஊரில் இருந்தார்கள். வசதியுள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குச் சத்திரத்துக் கூடமே போதுமாக இருந்தது. இரவில் விளக்கை அணைத்த பிறகு அருவியின் இரைச்சல் கேட்கும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள்.

இரண்டாம் நாள் காலை மாமா எங்களைச் செண்பகாதேவிக்குக் கூட்டிப்போனார். பேரருவிக்கு மேலே, சிற்றருவியைத் தாண்டி, சுமார் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. கால் வைக்கிற இடமெல்லாம் இலைச் சருகு மெத்தை மாதிரி அமுங்கியது. விரலை வைத்து அழுத்தினால் நீர் கசிந்தது. தங்கச்சியின் கெண்டைக்காலில் அட்டை ஏறியிருந்தது. மாமா மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கல் வைத்ததும் அது சுருண்டு விழுந்தது. மரங்களின் பெயரை மாமா சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இன்று நினைவிலிருப்பது செண்பகம் ஒன்றுதான்.

மேலே அருவிக்கரையில் அம்மன் கோயில். ஆற்றின் நடுவே ஒரு பெரிய பாறை. அதில் உட்கார்ந்து அம்மா புளியோதரையைப் பிரித்தாள். தலைக்கு மேல் நல்ல வெயில். தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். அப்போது கோயிலுக்குப் பூ கொண்டுவந்த ஒரு பாட்டையா கரையிலிருந்து சத்தம் போட்டார்.

"ஏ, எந்திரிங்க. தண்ணி நெறம் மாறுது. பிள்ளைகளத் தூக்குங்க."

குனிந்து பார்த்தேன். கூழாங்கற்களைக் காணவில்லை. தண்ணீர் டீ சாயத்துக்கு வந்திருந்தது. முதலில் இலைத் துணுக்குகள் வந்தன. பிறகு பச்சை வாடாத ஒரு சிறு கிளை. மண் வாசனை மூக்கில் ஏறியது. அதுவரை சளசளவென்று இருந்த ஓசை தடித்துக்கொண்டே வந்தது. மாமா தங்கச்சியைத் தோளில் போட்டார், அப்பா என்னையும் அண்ணனையும் இரண்டு கையில் பிடித்தார். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பாறையில் பாதி இல்லை. அடுத்த சில நிமிஷத்தில் பாறையே இல்லை. தூக்குவாளி ஒருமுறை மேலே தெரிந்து, புரண்டு, போய்விட்டது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மூன்று பேர் தலையிலும் கையை வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

பாட்டையா சொன்னார்: "இங்க வெயிலு. தேனருவிப் பக்கம் மேல பாத்தீகளா, கறுத்திருக்கு. மேல பெஞ்சா நமக்கு நேரம் சொல்லிக்கிட்டா வரும்?"

கடந்த ஆண்டு என் மகள் அதே செண்பகாதேவிக்குப் போகத் திட்டம் போட்டாள். சென்னையில் வேலை பார்க்கிறாள். பொதிகை எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள். தங்குவதற்கு ஐம்பது அறுபது இடங்களைப் பார்த்து முடித்திருந்தாள். படம், வாடகை, போனவர்கள் கொடுத்த நட்சத்திரம், அறையிலிருந்து எந்த அருவி எத்தனை நிமிஷம் என்று எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தது. பேரருவியில் காலை எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பதைக்கூட வீடியோவில் காட்டினாள். மாமாவின் கார்டு வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதற்குள் சாரல் நின்றுபோன வருஷங்களும் உண்டு.

ஆனால் பாதை? வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டோம். எடுத்தவர் பொறுமையாகவே சொன்னார்: "மேல மழை சார். இந்த வாரம் யாரையும் விடல." அன்று தங்க இடமில்லாமல் சேலைத் தடுப்புக்குள் படுத்த நாங்கள் எவரையும் கேட்காமல் மலை ஏறினோம். இன்று கேட்ட இடத்தில் அறை கிடைக்கிறது, மலைக்குத்தான் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. மகளுக்கு ஏமாற்றம். எனக்கு, உண்மையைச் சொன்னால், நிம்மதி.

அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இளைஞர்கள் பலர் காட்டுத் தீயில் கருகிப்போனார்கள். அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்தது. இணையத்தில் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. இதைச் சிலர் கெடுபிடி என்கிறார்கள். எங்களுக்கு அன்று வாய்த்த பாட்டையா தற்செயலாக வந்தவர். அவர் பூ கொண்டுவராத நாளில் அந்தப் பாறையில் உட்கார்ந்தவர்களை நான் நினைத்துப் பார்க்கிறேன். வழிகாட்டி என்பவர் அந்தப் பாட்டையாதான். இப்போது கூடவே வருகிறார்.

நிம்மதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சீசன்கூட இல்லை, கோடை மழை. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் ஏராளம். தண்ணீர் நிறம் மாறி, குளித்தவர்கள் படியில் முண்டியடித்து ஓடியதை நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை.

இனி அறை விஷயம். மகள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த முதல் விடுதியின் படம் அழகாகத்தான் இருந்தது. மலையடிவாரம், தென்னந்தோப்பு, நீச்சல் குளம். தோப்புக்குள்ளேயே ஓர் அருவி. 'எங்கள் விருந்தினருக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. கூட்டமில்லாமல் குளிக்கலாம் என்பது அவள் எண்ணம். நான் ஒன்று மட்டும் கேட்கச் சொன்னேன்: அந்த அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கேட்டாள். "நேச்சுரல் மேடம், மலையிலிருந்தே வருது" என்று பெருமையாகப் பதில் வந்தது. அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அடிவாரத்தில் ஓடைகளை மறித்தும் திருப்பியும் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைப்பது பற்றி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடுமையான உத்தரவு போட்டது. நடவடிக்கையும் நடந்தது. எல்லாம் நின்றுவிட்டது என்று நான் நம்பவில்லை. மலையில் பெய்யும் மழையை மழைக்காடு உடனே கீழே விடுவதில்லை. எங்கள் காலடியில் அன்று கசிந்த அந்தச் சருகு மெத்தையும் வேரும் மண்ணும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன. மழை விட்ட பிறகும் அருவி விழுவது அதனால்தான். அப்படிச் சேமித்துக் கொடுத்ததை வழியிலேயே குழாய் போட்டு ஒரு தோப்புக்குள் கொட்டினால், கீழே உள்ள கால்வாய்க்கும் குளத்துக்கும் போக வேண்டியது குறைகிறது. சிறிய ஓடைதானே என்று சொல்லலாம். குற்றாலத்துச் சிற்றாறே அத்தகைய ஓடைகள் சேர்ந்ததுதான்.

கடைசியில் இலஞ்சியில் ஒரு வீட்டு மாடியைப் பிடித்தோம். குமாரர் கோயில் உள்ள ஊர், குற்றாலத்துக்கு பஸ்ஸில் பத்து நிமிஷம். இரண்டு அறை, சுத்தமான படுக்கை, சுற்றிலும் வயல். ஏசி இல்லை, சாரல் காலத்தில் அது எதற்கு? வீட்டுக்கார அம்மாவை மகள் முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் குற்றாலத்துத் திரிகூடமலை முழுதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை துண்டும் மாற்று உடையுமாகப் புறப்பட்டபோது அந்த அக்கா காப்பித் தம்ளரோடு மாடிக்கு வந்தார். மலையைப் பார்த்தார். ஊரில் வெயில் அடித்தது.

"பொறுத்துப் போங்க சார். மலை மேலே கறுத்திருக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பத்தொரு வருஷம் கழித்து அதே சொல். ஒரு மணி நேரத்தில் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவதாகவும், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது. மகள் கைப்பேசியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

அன்று நாங்கள் குளிக்கவில்லை. எட்ட நின்று அருவியைப் பார்த்தோம். அந்த உயரத்திலிருந்து நேராக விழாமல், இடையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து பொங்கி, வேகம் தணிந்து வருவதால்தான் மற்ற நாட்களில் நாம் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது என்று மகளுக்குச் சொன்னேன். அன்று பொங்குமாங்கடலாலும் அதை அடக்க முடியவில்லை. குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுச் சித்திர சபைக்குப் போனோம். ஐந்து சபைகளில் நடராசரை ஓவியமாக வைத்து வணங்குவது இங்கேதான். ஆள் நடமாட்டமே இல்லை. வெளியே மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கித் தின்றோம்.

அடுத்த நாள் ஐந்தருவியில் தடை நீங்கியது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று பத்து நிமிஷம் குளித்தோம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. அதுவும் நீதிமன்ற உத்தரவு. 1984-இல் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வந்து நின்றவர்களுக்கு நடுவேதான் நானும் குளித்தேன். காலுக்கடியில் நுரை மிதந்தது. இந்தமுறை தண்ணீரில் தண்ணீரின் வாசனை மட்டும் இருந்தது.

செண்பகாதேவியை மகள் இன்னும் பார்க்கவில்லை. சாரல் தணிந்த பிறகு, முறையாக அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போவதாக இருக்கிறோம். கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த வருஷம்.

குற்றாலத்துக்கு அறை பிடிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெத்தையையும் ஏசியையும் பற்றிக் கேளுங்கள், தவறில்லை. கூடவே, "உங்க தோப்பு அருவிக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்றும் கேளுங்கள். மலையிலிருந்து என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. எங்கள் கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்துதான் வருகிறது.