காரைக்கால் மாணவர் காய்ச்சல்: தோற்றமும் வளர்ச்சியும்

காய்ச்சல் மூவகைப்படும். உடலில் வருவது ஒன்று, ஊரில் பரவுவது ஒன்று, விடுப்பு விண்ணப்பத்தில் எழுதப்படுவது ஒன்று. முதல் இரண்டுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதை எந்தப் பல்கலைக்கழகமும் தொடவில்லை என்பதால் இவ்வாய்வு இன்றியமையாததாகிறது. (யாரும் தொடாத பொருள் எதுவானாலும் அது இன்றியமையாதது என்பது ஆய்வுலக மரபு. ஏன் யாரும் தொடவில்லை என்று கேட்பது மரபன்று.) ஆய்வுக்களம் காரைக்கால். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் மூன்று புறமும் சூழ, கிழக்கே வங்கக் கடல் இருக்க, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரில் புதுச்சேரிக்குச் சொந்தமாகக் கிடக்கும் டெல்டாத் துண்டு அது. களம் சிறிதானால் பேருந்துச் செலவு குறையும். இதைத்தான் ஆய்வேடுகள் 'களத்தின் தனித்தன்மை கருதி' என்று எழுதும். கருதுகோள் ஒன்றே: இக்காய்ச்சல் பிள்ளைகளின் உடம்பில் பிறப்பதன்று, வருகைப் பதிவு விதியில் பிறப்பது.

முதலில் மூலபாடம். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்று ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பதே பெரும்பான்மைச் சுவடிகளில் காணும் பாடம். ஆங்கில வழி வகுப்புகளில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றொரு பாடபேதம் வழங்குகிறது. இரண்டில் எது முந்தியது என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை (கோடு போட்ட தாள், பின்பக்கம் பாதிக் கணக்கு). ஆசிரியர் யார் என்பதும் தீராச் சிக்கல். எழுதிய கை அம்மாவுடையது, கையொப்பம் அப்பாவுடையது, 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்' என்று பேசும் குரல் பையனுடையது. மூவரும் ஒருவரே என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்பாவின் கையொப்பத்தை உற்றுப் பார்த்தவர்கள் அதை மறுப்பதில்லை. காலச் சிக்கல் இன்னும் பெரிது. விண்ணப்பம் வகுப்புக்கு வந்து சேர்வது மறுநாள், ஆனால் அது கேட்பதோ 'இன்று' ஒரு நாள். நடந்து முடிந்த நேற்றைக்குப் பணிவுடன் அனுமதி கோரும் இலக்கிய வகை தமிழில் வேறொன்று இல்லை. சிற்றிலக்கியத்தைத் தொண்ணூற்றாறு என்று எண்ணிய பாட்டியல்காரர்கள் இதை எப்படி விட்டார்கள் என்பது வியப்பே. அந்தாதிக்கு முன்னோடி நூல் தந்த காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. ஒரு புது வகைக்கு இங்கே இடமில்லையா என்ன?

இனி வகைப்பாடு. பாட்டி இறப்பு: ஒரே பாட்டிக்குப் பலமுறை நிகழ்வது, விரிவஞ்சி விடப்படுகிறது. வயிற்றுவலி: தேர்வு நாளுக்கு உரியது, காலை பத்து மணிக்குத் தானே தீரும். காதுகுத்து, வளைகாப்பு, வீடு குடிபுகல், பதினாறாம் நாள் காரியம் ஆகியவை தனி வகைகள் அல்ல. பதிவேட்டுக்குள் நுழையும்போது அவை யாவும் காய்ச்சலாக மாறிவிடுகின்றன. மாங்கனிக் காய்ச்சல் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. பிச்சாண்டவர் வீதியுலா போகும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கிற அந்த நாளுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. ஆனால் மாங்கனித் திருவிழா ஒரே நாளில் முடிவதில்லை. மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது, திருக்கல்யாணம் இருக்கிறது, பழம் இறைத்து முடிந்த பிறகும் அமுது படையல் இருக்கிறது. அரசாணை பழத்துக்கு மட்டும் விடுப்பு தருகிறது. கல்யாணத்துக்கான விடுப்பைக் காய்ச்சல் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறது.

ஆய்வின் உச்சம் திருநள்ளாற்றுக் காய்ச்சல். சனி பகவான் ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு தங்குவார் என்பது கணக்கு. அவர் பெயரும் நாளில் திருநள்ளாற்றுத் தர்ப்பாரண்யேசுவரர் கோயிலுக்கும் நளதீர்த்தத்துக்கும் நாடெங்குமிருந்து கூட்டம் வரும். அதில் ஒரு பகுதி காரைக்கால் வீடுகளில் உறவினராக இறங்கும். கூடத்தில் பாய் விரிக்க இடமில்லாதபோது பையனுக்குக் காய்ச்சல் காணும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலை மருத்துவ நூல்கள் அறியும். பஞ்சாங்கம் பார்த்து வரும் முறைக்காய்ச்சலை அவை அறியா. பெயர்ச்சி நாள்களையே சான்றாக நோக்குவோம். 2017 டிசம்பர் 19 செவ்வாய், 2023 டிசம்பர் 20 புதன், ஆகவே இவ்விரண்டும் காய்ச்சலுக்கு உகந்த நாள்கள். இடையில் வந்த 2020 டிசம்பர் 27 ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் அந்தப் பெயர்ச்சியில் ஒரு பிள்ளைக்கும் உடம்பு சுடவில்லை. கிரகம் ஒன்றே, ராசி மாற்றமும் ஒன்றே. நோயைத் தீர்மானித்தது கிழமை. இதைவிடத் தூய்மையான சோதனையை எந்த ஆய்வகமும் அமைத்துத் தர முடியாது (பின்பெஞ்சுச் சுவடி, மூன்றாம் தாள், எலுமிச்சைச் சாதக் கறைக்குக் கீழே. கறையே மூலபாடம் என்பாரும் உளர்).

இந்த இடத்தில் 2025 ஒரு பெரும் பிளவை உண்டாக்கியது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அவ்வாண்டு மார்ச் 29 அன்று பெயர்ச்சி என்றார்கள். திருநள்ளாற்றில் பின்பற்றப்படுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026 மார்ச் 6 என்று கோயில் தரப்பு விளக்கியது. காய்ச்சல் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்ற வேண்டும்? கோயிலைப் பின்பற்றுக என்பார் சைக்கிள் ஸ்டாண்டு உரைகாரர். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பின்பற்றுக என்று அவரை மறுப்பார் குடிநீர்த்தொட்டி உரைகாரர். இருவரும் 'பெயர்ச்சி' என்பதைக் கொண்டார்களேயன்றி 'உறவினர் வருகை' என்பதைக் கொள்ளவில்லை, அதனால் இருவரும் பிழைபட்டார் என்பது மாடிப்படி உரைகாரரின் துணிபு (மாடிப்படி உரை, சிறப்புப் பாயிரம், இரண்டாம் படியில் தொடங்கி நான்காம் படியில் முடியும் அடிக்குறிப்பு. மூன்றாம் படி வெள்ளையடிப்பில் அழிந்தது, அதை ஊகித்து நிரப்பியவர் அதற்கே பட்டம் பெற்றார்). இரு நாளும் கொள்ளலாம் என்பது மாணவர் துணிபு. உரைகாரர் மூவருக்கும் இது தோன்றாமல் போனது அவர்கள் அறிஞர்கள் என்பதற்குச் சான்று.

காய்ச்சலுக்கு எல்லையும் உண்டு. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், அங்கிருந்து காரைக்கால். பிறகு திருமலைராயன்பட்டினம், காரைக்கால் நகரம், கோட்டுச்சேரி, பூவம் எனப் போய் மீண்டும் தமிழ்நாடு. ஒரே சாலை, ஒரே வடகிழக்குப் பருவமழை, ஆனால் மழை விடுமுறையை அறிவிக்க இரு பக்கமும் வெவ்வேறு ஆட்சியர்கள். ஒரு பக்கம் விடுமுறை என்று செய்தி வந்து மறுபக்கம் வராத காலையில், நனைந்தது ஒரே மேகத்தில் என்றாலும், வராத பக்கத்துப் பிள்ளைக்கு நனைந்ததற்குக் காரணம் எழுத வேண்டிய கடமை சேர்கிறது. மழை என்று எழுதினால் 'மற்றவர்கள் வரவில்லையா' என்ற கேள்வி வரும். காய்ச்சல் என்றால் வராது.

இனி விதி. காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன. அவற்றின் மேல் வகுப்புகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. அந்த வாரியத்தில் 10, 12ஆம் வகுப்புத் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். குறைவை மன்னிக்க நீண்டகால நோய், தாய் அல்லது தந்தையின் இறப்பு, தேசிய, பன்னாட்டு விளையாட்டுப் போட்டி, இவற்றுக்கு நிகரான கடுமையான காரணம் என்று ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. அப்பட்டியலில் அத்தை மகள் திருமணம் இல்லை. நாகூர்க் கந்தூரி இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற பாட்டியோடு துணைக்குப் போனதும் இல்லை. காரணம் கேட்கும் தாளில் எந்தக் காரணங்கள் செல்லுமோ அவற்றைத்தான் மக்கள் எழுதுவார்கள். இது பொய்யுரைக்கும் இயல்பு அன்று, படிவத்தை மதிக்கும் இயல்பு. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் குறிக்கும் வேலை நாள்கள் 220. அதே எண்ணை மேல் வகுப்புக்கும் கொண்டால், 75 விழுக்காடு என்பது 165. மிச்சம் 55 நாளை விதியே விட்டுத் தந்திருக்கிறது. தானே விட்டுத் தந்த நாளுக்கு எதற்காக நோயின் பெயரைக் கேட்க வேண்டும்?

மறுப்புகள் மூன்று. உண்மையான நோயைக் கேலி செய்வதா என்பது முதலாவது. இல்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகளும் மூடப்பட்டன. மெய்யான நோய் வந்தபோது யாரும் லீவ் லெட்டர் எழுத வேண்டியிருக்கவில்லை. பொய்க் காய்ச்சல் ஆயிரம் குவிந்த பதிவேட்டில் மெய்க் காய்ச்சல் பத்து எங்கே தெரியும்? நோயை அறிய விரும்பும் சுகாதாரத் துறைதான் இந்த விதிமேல் முதலில் வழக்குப் போட வேண்டும். இரண்டாவது மறுப்பு: காரணம் கேட்காவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். காரணம் கேட்கிற இன்றும் வராதவர் வரவில்லை, விண்ணப்பம் மட்டும் வந்தது. மூன்றாவது கனமானது. பள்ளியில் பெயர் வைத்துக்கொண்டு பயிற்சி மையத்தில் ஆண்டு முழுதும் உட்கார்ந்திருக்கும் 'டம்மி' மாணவர்களைத் தடுக்கத்தான் வாரியம் கெடுபிடி செய்கிறது. நியாயமே. ஆனால் அந்த வகைப் பள்ளியில் பதிவேடு எப்போதும் நிறைந்திருக்கும், அங்கே ஒருவருக்கும் காய்ச்சலே வராது. விதியில் மாட்டுபவன் உண்மையாகவே இரண்டு நாள் வராத பையன்.

இந்த இடத்தில் பிரான்சைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1739 முதல், இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போன காலம் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை இவ்வூர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. பிரான்சில் 1882இல் ஜூல் ஃபெரி கொண்டுவந்த கட்டாயக் கல்விச் சட்டமே, பிள்ளையின் நோயோடு குடும்பத்தில் ஒருவர் இறந்ததையும் போக்குவரத்துத் தடங்கலையும் தகுந்த காரணமாக ஏற்றது. இன்றைய பிரெஞ்சுக் கல்விச் சட்டத் தொகுப்பின் எல்.131-8 பிரிவு இன்னும் தாராளம். 'குடும்பத்தின் முக்கியமான கூடல்' என்பது அங்கே காரணங்களில் ஒன்று. வெளியே செல்லும் பெற்றோருடன் பிள்ளை போவதும் ஒன்று. விளைவைப் பாருங்கள். பாரிசில் குடியிருக்கும் மாமா, காரைக்காலில் நடக்கும் திருமணத்துக்கென்று தம் மகனின் பள்ளிக்கு உள்ளதை உள்ளபடி எழுதலாம். அதே பந்தலில், அதே வரிசையில், அவனுக்குப் பக்கத்து இலையில் உட்காரும் உள்ளூர் மருமகனுக்கு மட்டும் காய்ச்சல். காவலர் தலையில் சிவப்புத் தொப்பியை விட்டுப் போனவர்கள் சட்டத்தின் இந்த ஒரு வரியையும் விட்டுப் போயிருக்கலாம்.

சான்று கேட்பது இவ்வூருக்குப் புதிதன்று. இரண்டாவது மாம்பழம் எங்கிருந்து வந்தது என்று பரமதத்தன் கேட்டான், இறைவன் தந்தது என்றாள், பின்னாளில் காரைக்கால் அம்மையாரான அவன் மனைவி புனிதவதி, அப்படியானால் இன்னொன்று வருவித்துக் காட்டு என்றான். பழம் வந்தது. சான்றைக் கையில் வாங்கியவன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல், பிறகு கப்பலேறிப் போய் விண்ணப்பமே இல்லாமல் பாண்டி நாட்டில் தங்கிவிட்டான். இதன் உட்பொருளை விளக்கக் கருத்தரங்குகள் நடக்கின்றன. அவற்றுக்கு வரும் பேராசிரியர்கள் கல்லூரியில் எழுதிக் கொடுப்பது காய்ச்சல் அன்று, 'ஆன் டூட்டி'. கோப்புப் பையும் சான்றிதழும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கைக்கு வந்துவிடும், பிற்பகல் அமர்வில் நாற்காலிகள் மட்டும் இருக்கும். வராத நாளை வந்த நாளாக எழுதிக்கொள்ளும் வசதி பெரியவர்களுக்கு உண்டு. பிள்ளைகளுக்கு உடம்பு சுட வேண்டும். கல்வெட்டில் ஓர் எழுத்துச் சிதைந்தால் நாற்பது பக்கம் ஐயப்படும் இதே அறிஞர்களின் வழிவந்தவர்கள், நாளை இந்தப் பதிவேடுகளைக் கண்டெடுத்து, முழு எழுத்தில் இருக்கும் 'காய்ச்சலை' அப்படியே நம்பி, கல்யாண முகூர்த்த நாள்களில் மட்டும் பரவிய ஒரு கடற்கரை நோயைப் பற்றி நூல் எழுதப் போகிறார்கள்.

ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டுக்கு அச்சடிக்கும் விடுப்புப் படிவத்தில் 'உடல்நலக் குறைவு' என்பதற்குக் கீழே 'குடும்ப விசேஷம்' என்று ஒரு வரி சேருங்கள். பக்கத்தில் நாளைக் குறிக்க ஒரு கட்டம், கீழே பெற்றோர் கையொப்பம். மருத்துவச் சான்று இணைக்க வேண்டாம்.